வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த பைண்டு தொடர்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் பெரிய அத்தை மூன்று வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். சாமான்களை ஒழித்துக்கட்டிய அன்று பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லி, "இது உனக்குத்தான்" என்று கொடுத்தார். உள்ளே நான்கு பைண்டு வால்யூம்கள். எல்லாமே எண்பதுகளின் தொடக்கத்தில் வாரப் பத்திரிகைகளில் வந்த அமானுஷ்ய மர்மத் தொடர்கதைகள். நான் படித்து முடித்ததும் சித்தி மகன் வாங்கிப் போனான், அப்புறம் அலுவலகத் தோழி. தங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடப்பதாகப் பலர் சொன்னார்கள். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"பைண்டு வால்யூம்னா என்ன? கடையில விக்கிற நாவல் மாதிரிதானே?"

இல்லை. கடை நாவல் முழுதாக அச்சாகி வருவது. இது வாரம் ஓர் அத்தியாயமாகப் பத்திரிகையில் வந்த கதை. வீட்டில் யாரோ ஒருவர் ஒவ்வொரு இதழிலும் பின்னைக் கழற்றி, கதைப் பக்கங்களை மட்டும் எடுத்து அடுக்கி வைத்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியிருப்பார். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வந்தது. மூன்றரை வருடம் ஒரு வாரம் விடாமல் சேர்த்து, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த மர்மக் கதைகளுக்கும் தொடர்ந்தது.

அதனால் இதில் கதையோடு வேறு சிலவும் சேர்ந்தே வரும். ஓவியம், முன்கதைச் சுருக்கம், பக்கத்தின் பின்புறம் பாதி வெட்டுப்பட்ட ஒரு ஜோக், கூந்தல் தைல விளம்பரம். அவற்றைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கதை எந்த உலகத்தில் நடக்கிறது என்பதை அவையும் சொல்கின்றன.

"இது மாய மந்திரக் கதையா, துப்பறியும் கதையா? ரெண்டும் எப்படி ஒண்ணாப் போகும்?"

துப்பறியும் கதையில் யார் செய்தது என்பது கேள்வி. அமானுஷ்ய மர்மத்தில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கும்: செய்தது மனுஷனா, வேறு ஏதாவதா? இந்த இரண்டாவது கேள்விக்குக் கடைசிவரை பதில் தெரியாமல் இழுத்துக்கொண்டு போவதில்தான் இந்த வகையின் ருசியே இருக்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷையும் வசந்தையும் எதிரெதிரே நிறுத்துவதும் இதனால்தான். தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்ம தேசம்' டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த ருசி நன்றாகவே தெரியும்.

நம் ஊரில் இதற்கான விதைகளுக்குக் குறைவே இல்லை. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிச் சாத்திய பெரிய கதவுகளே சாமி. அந்தப் படியில் பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் ஆள் தயங்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் பூட்டிக்கொண்டு போகும் நகைகளின் பட்டியலைக் கருப்பர் முன்னால் வாசித்து ஒப்படைப்பார்கள். திரும்பி வந்ததும் மறுபடி கணக்குப் பார்க்கும் வழக்கம் உண்டு. பட்டியலில் ஒரே ஒரு பதக்கம் குறைந்தால்? அத்தை கொடுத்த வால்யூம்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை இப்படி ஒரு மலையடிவாரக் கோயிலில்தான் தொடங்குகிறது. தலைப்பைச் சொன்னால் முடிவையும் சொல்லாமல் இருக்க முடியாது, அதனால் சொல்லவில்லை.

"மொத்தமே முந்நூறு பக்கம்தான். ஒரே ராத்திரியில முடிச்சிடலாமா?"

முடிக்கலாம். நான் முதல் வால்யூமை அப்படித்தான் முடித்தேன். ஒரு மாதம் கழித்து அத்தை அதைப்பற்றிக் கேட்டபோது, குகைக்குள் கிடைத்த ஓலைச்சுவடி எந்தக் கதையில் வந்தது, கிணற்றுக்குள் இருந்த கதவு எந்தக் கதையில் வந்தது என்றே எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கதைகள் ஏழு நாள் இடைவெளியை நம்பி எழுதப்பட்டவை. ஒரு வாரம் முழுக்க வாசகர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார், பக்கத்து வீட்டில் பேசுவார், ஊகம் செய்வார் என்று கணக்குப் போட்டு எழுதியது. ஒரே மூச்சில் படித்தால் அந்த ஊகத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும். இரண்டாவது வால்யூமிலிருந்து ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம், ஞாயிறன்று மட்டும் இரண்டு என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் கதை மனதில் ஓடியது. ஒரு நாளுக்கு ஒன்று போதாது என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"ஒவ்வொரு வாரமும் யாராவது 'வீல்' என்று அலறுறதுல முடியுது. அடுத்த வாரம் பார்த்தா அது பூனையாம். இது ஏமாத்து வேலை இல்லையா?"

'தொடரும்' என்ற சொல்லுக்கு முந்தின வரிதான் அடுத்த வாரம் இதழை வாங்க வைக்க வேண்டும். அதனால் அந்த வரியில் அலறல், கத்தி, அணைந்த விளக்கு எல்லாம் வரும். சில நேரம் அது வெறும் பூனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல எழுத்தாளர் உங்கள் கண்ணை அந்தக் கடைசி வரிக்கு இழுத்துவிட்டு, உண்மையான துப்பை அத்தியாயத்தின் நடுவில் சத்தமில்லாமல் வைத்திருப்பார்.

நான் சொன்ன கோயில் கதையில், எட்டாவது அத்தியாயம் ஒரு வெள்ளைக் குதிரையின் குளம்புச் சத்தத்தில் முடிகிறது. எல்லோருக்கும் நினைவில் நிற்பது குதிரைதான். அதே அத்தியாயத்தின் நடுவில், ஊருக்குப் புதிதாக வந்த பூசாரி கருவறை விளக்கின் திரியை இடது கையால் தூண்டிவிட்டார் என்று ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. காலமெல்லாம் கோயிலில் கை பழகிய ஒருவர் சாமி விளக்கில் இடது கையை வைப்பாரா? நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தை தாண்டவில்லை. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு இருக்கிறது. ஆகவே ஓர் அத்தியாயம் முடிந்ததும் அலறலை விட்டுவிட்டு நடுப்பக்கத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள்.

"எனக்கு சாமி, பேய் எதுலயும் நம்பிக்கை இல்ல. படிச்சா பிடிக்குமா?"

பிடிக்கும். எங்கள் மாமா, அதாவது அத்தையின் கணவர், பகுத்தறிவுக் கட்சிக்காரர். இந்தத் தொடர்களை அத்தையைவிட ஆர்வமாகப் படித்தவர் அவர்தான். கதைக்குள் இருக்கும் சந்தேகப் பேர்வழியின் பக்கம் நின்று படிப்பார். நம்புகிறவர், நம்பாதவர் இரண்டு பேருக்கும் கதையில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

"போகர், நவபாஷாணம், நாடி ஜோதிடம்னு வருதே. அதெல்லாம் உண்மையா? அந்தக் குகை நிஜமாவே இருக்கா?"

இடங்கள் உண்மை, மரபும் உண்மை. பழனி மூலவரை ஒன்பது பாஷாணங்களை, அதாவது நச்சுப் பொருள்களைக் கட்டி சித்தர் போகர் செய்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. மலைக்கோயிலிலேயே போகர் சந்நிதி இருக்கிறது. வைத்தீஸ்வரன் கோவிலில் நாடி ஓலை படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவற்றின்மேல் எழுத்தாளர் ஏற்றிவைத்த குகை, மறைவான ஓலை, அதைத் தேடி வரும் வில்லன் எல்லாம் கற்பனை. எது எங்கே ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே தனி சுவாரசியம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கதையைப் படித்த வேகத்தில் சித்தர் குகை தேடி மலைக்காட்டுக்குள் இறங்காதீர்கள். சித்தர்கள் வாழும் மலை என்று சொல்லப்படும் சதுரகிரி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், அனுமதித்த பாதையில் மட்டும் போய் வாருங்கள். மழை பெய்தால் அங்கே ஓடைகளில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் வரும். ஆட்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

"ராத்திரி படிச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

சாயங்காலம் படியுங்கள். அத்தியாயத்தை முடித்துவிட்டு மூடினால்தான் 'தொடரும்' துரத்தும். அடுத்த அத்தியாயத்தில் ஒரு பக்கம் படித்து, அது பூனைதான் என்று தெரிந்துகொண்டு மூடினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

"கதையில ஆளுங்க ஏன் இவ்ளோ முட்டாளா இருக்காங்க? ஒரு போன் பண்ணினா முடிஞ்சுபோற விஷயம்!"

இளையவர்கள் எல்லோரும் கேட்பது இது. அப்போது வெளியூருக்குப் பேச பெரும்பாலும் டிரங்க் கால் போட வேண்டும். எக்ஸ்சேஞ்சில் நம்பரைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, லைன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது அரை மணியும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். அதற்குள் கதையில் இரண்டு கொலை விழுந்துவிடும். தந்தி கொடுத்தாலும் ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அது யார் கையில் வேண்டுமானாலும் சிக்கலாம். இந்தத் தாமதம் ஒவ்வொன்றும் கதைக்கு எரிபொருள். படிக்கும்போது செல்போனை மறந்துவிட்டு, செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு படித்துப் பாருங்கள், பதற்றம் தானாக வரும்.

எங்கள் அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். மூன்றாவது வால்யூமில் நாயகன் மதுரைக்கு சாதாரண டிரங்க் கால் போட்டுவிட்டுக் கையைப் பிசையும் இடத்தில், ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "லைட்னிங் கால் கேட்டிருக்கலாமே!" சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை இருந்தன. லைட்னிங் என்றால் காசு பல மடங்கு, ஆனால் மற்றவர்களை எல்லாம் தள்ளி முதலில் லைன் கொடுப்பார்கள். எழுத்தாளருக்குத் தெரியாததோ, வேண்டுமென்றே விட்டதோ, தொழில் தெரிந்த வாசகி பிடித்துவிட்டார்.

"ஓரமெல்லாம் பேனாக் கிறுக்கல். அழிச்சிடலாமா?"

தயவுசெய்து அழிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எங்கள் கோயில் கதை வால்யூமில் ஐந்தாம் அத்தியாயத்தில், எஸ்டேட் மேனேஜர் முதலில் வரும் இடத்துக்குப் பக்கத்தில் நீல மையில் "இவன்தான்!" என்று இருக்கிறது. அத்தை கையெழுத்து. பதினான்காம் அத்தியாயத்தில் அந்த மேனேஜர் இறந்துபோகிறார். அங்கே "இவன் இல்லை. பாவம்." பத்தொன்பதில் வேறு கையெழுத்து, பச்சை மை: "நான் அப்பவே சொன்னேன்." அது மாமா. அதற்குக் கீழே மறுபடி நீல மையில், "எப்போ சொன்னீங்க?" இரண்டு பேருக்கும் அப்போது மாறி மாறி ஷிப்ட். அத்தை இரவு வேலைக்குப் போனால் மாமா இதழைப் படிப்பார், மாமா மில்லுக்குப் போனபின் அத்தை படிப்பார். நேரில் பேச நேரமில்லாததை எல்லாம் இந்த ஓரங்களில் பேசியிருக்கிறார்கள். மாமா இப்போது இல்லை. பச்சை மையில் அவர் எழுதியவை நான்கு வால்யூமிலும் சேர்த்து 31 இடங்களில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன்.

கிறுக்கல் முடிவைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயம் நியாயமானது. அகலமான காகிதப் பட்டை ஒன்றை வெட்டி ஓரத்தை மூடிக்கொண்டு முதல் தடவை படியுங்கள். இரண்டாம் தடவை பட்டையை எடுத்துவிடுங்கள். அப்போது இரண்டு கதைகள் படிக்கலாம்.

"நடுவுல ஒரு வாரம் இல்ல. கரெக்டா முக்கியமான இடத்துல!"

முதலில் அடுத்த அத்தியாயத்தின் முன்கதைச் சுருக்கத்தைப் பாருங்கள். நடந்ததில் பாதி அதில் கிடைத்துவிடும். அந்தத் தொடர் பின்னால் நாவலாக வந்திருந்தால் மாவட்ட நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ கேளுங்கள். புத்தகமாகும்போது சில இடங்களை மாற்றியிருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதும் நன்றாக இருக்கும்.

இதழே வேண்டும் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம். கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994-ல் உருவானது. பழைய தமிழ் இதழ்கள் அங்கே ஏராளம். எழும்பூர் கன்னிமாரா நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா இரண்டையும் விசாரிக்கலாம். போகும்முன் இதழின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டதற்கு முந்தின, பிந்தின வாரத்துப் பக்கங்களின் அடியில் தேதி இருந்தால் போதும்.

"பக்கத்தைத் திருப்பினா அப்பளம் மாதிரி உடையுது. என்ன பண்றது?"

பத்திரிகைக் காகிதம் மலிவானது. மரக்கூழில் உள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறி, அமிலமாகி, காகிதத்தை மொரமொரப்பாக்கிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய வீட்டில் வழியில்லை, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். படிக்கும்போது 180 டிகிரி விரிக்காமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் பாதி திறந்து படியுங்கள்.

பூச்சிக்கு மைதா பசை என்றால் விருந்து. பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது அதனால்தான். அதனால் விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்ப வேண்டாம், துத்தம் விஷம். இராமபாணப் பூச்சி, அதாவது அலமாரியில் வெள்ளியாக மின்னி ஓடுமே அது, ஈரம் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். சுவரை ஒட்டி வைக்காமல், மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். பாட்டிமார் சொல்லும் வசம்பைத் துணியில் முடிந்து வைப்பதானால் புத்தகத்தில் படாமல் வையுங்கள். புது பைண்டிங் கொடுக்கும்முன் பைண்டரிடம் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டிங் மெஷினில் வைத்தால் முந்தின கேள்விகளில் சொன்ன நீல மையும் பச்சை மையும் ஒரே வெட்டில் போய்விடும்.

"ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா குரூப்ல போட்டா எல்லாரும் படிப்பாங்களே?"

உங்கள் வீட்டுப் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைப்பது வேறு, ஊருக்கே பரப்புவது வேறு. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடத்துக்குப் பதிப்புரிமை உண்டு. கல்கி 1954-ல் மறைந்தார், அவர் எழுத்து இப்போது பொதுவில். சுஜாதா 2008-ல் மறைந்தார், அவர் எழுத்துக்கு 2068 முடியும்வரை உரிமை இருக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளுக்கு இந்தத் தடை இல்லை. ஓவியங்களுக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எண்பதுகளில் எழுதியவர்கள் குடும்பம் பலருக்கு இன்னும் அந்த வருமானம் போகிறது. குரூப்பில் அட்டைப் படத்தை மட்டும் போட்டு, புதுப் பதிப்பு வந்திருந்தால் அதை வாங்கச் சொல்லுங்கள்.

"பத்து வயசுப் பொண்ணு கேக்குறா. கொடுக்கலாமா?"

பயம் பெரிய பிரச்சினை இல்லை, குழந்தைகளுக்குப் பேய்க்கதை பிடிக்கும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காலக் கதைகள் சிலவற்றில் மனநோய் உள்ள பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று வேப்பிலையால் அடிப்பதை சர்வசாதாரணமாக எழுதியிருப்பார்கள். மலைவாழ் மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுவார்கள். ஓவியங்களும் சில இடங்களில் பெரியவர்களுக்கானவை. தனியாகக் கையில் கொடுக்காமல் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அப்படி ஓர் இடம் வந்தால் நிறுத்தி, அது தப்பு என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

"முப்பது வாரம் இழுத்துட்டு கடைசி ரெண்டு அத்தியாயத்துல அவசரமா முடிச்சிட்டாங்க. கொடுத்தவங்ககிட்ட பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

அடுத்த தொடரின் அறிவிப்பு வந்துவிட்டால் இந்தத் தொடரைக் குறிப்பிட்ட வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் கடைசியில் ஓர் ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது நிறைய நடந்திருக்கிறது. நாலாவது வால்யூம் முடிவு எனக்கும் பிடிக்கவில்லை. அத்தையிடம் பயந்து பயந்து சொன்னேன். "எனக்கும்தான் பிடிக்கல, லெட்டர் போட்டேன்" என்றார். அன்று ஒரு மணி நேரம் போனில் நாங்களே வேறு முடிவு யோசித்தோம். உள்ளதைச் சொல்லுங்கள், அவர்கள் நாற்பது வருடமாக அந்த முடிவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

"பாட்டிக்கு இப்ப கண்ணு சரியா தெரியல. அவங்க கொடுத்த புக்கை அவங்களுக்கே படிச்சுக் காட்டினா போரடிக்குமா?"

போரடிக்காது. முடிவு தெரிந்திருந்தாலும் நடுவில் பல இடங்கள் மறந்திருக்கும். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அத்தைக்குப் போனில் ஓர் அத்தியாயம் வாசிக்கிறேன். இடது கை விளக்கு வரும் அத்தியாயத்தில் வேண்டுமென்றே நிறுத்தாமல் வாசித்துப் போனேன். "இரு, அந்த விளக்கு வரியை இன்னொரு தடவை படி" என்றார்.

குரலை ஏற்றி நாடகம் மாதிரி வாசிக்க வேண்டாம், சாதாரணமாக வாசியுங்கள். ஓரக் குறிப்பு வந்தால் அதையும் வாசியுங்கள், யார் எழுதியது என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பச்சை மை வரும்போது மட்டும் நான் கொஞ்ச நேரம் நிறுத்துவேன். அத்தை ஏதாவது பதில் சொல்வார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.